இரண்டாம் தடவை கேட்பாள்

லீட்ரிம் மாவட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? என்னை எழுப்பிவிட்டால் போதும், தூக்கத்திலேயே ஒப்பிப்பேன். அயர்லாந்திலேயே ஆள் குறைந்த மாவட்டம். நடுவில் ஆலன் ஏரி படுத்துக்கொண்டு, வடக்கு வேறு தெற்கு வேறு என்று கிட்டத்தட்ட இரண்டாக வகிர்ந்து வைத்திருக்கிறது. கடற்கரை என்று பார்த்தால் நாலு கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாய் மூச்சு வாங்காமல் ஓடி முடித்துவிடும். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்னால் ஒன்றரை லட்சம் பேர் இருந்தோம், இப்போது முப்பதாயிரத்துச் சொச்சம். மீதிப் பேர் எங்கே என்று வேனில் எவராவது கேட்பார்கள். பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் கப்பலேறினார்கள் என்பேன். கப்பலேறிப் போய்விட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கொண்ட ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

என் பெயர் நூலா மக்டெர்னன். பாஸ்டனில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த மறு வருடம், சரிவில் டிராக்டர் புரண்டு என் அண்ணன் ஃபீலிமின் இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மூன்று வாரம் பத்தொன்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. ஃபீலிம் இப்போது லேசாகச் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். ஆனால் உருளைக்கிழங்கைக்கூட ஒழுங்காக வேகவைக்கத் தெரியாதவன். நான் போனால் பட்டினி கிடப்பான், துவைக்காத சட்டையோடு பூசைக்குப் போவான், ஊர் சிரிக்கும். வேனை வாங்கிக் கொடுத்தது அவன்தான். காரிக் ஊரிலிருந்து கிளம்பி, ஒரே நாளில் மாவட்டம் முழுவதையும் சுற்றிக்காட்டி, சாயங்காலம் ரயிலடியில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. போகிறவர்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வருவதற்கு என்னைப் போல் தேர்ந்த ஆள் கிடையாது.

ஒரு ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை வேனில் இரண்டே பேர். ஒருவர் தெற்கே கெர்ரி மாவட்டத்திலிருந்து வந்த மோஸி லூஸி, எழுபது வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். இன்னொருத்தி ஹாலந்துக்காரி, பெயர் மார்க்ரீட். என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்கு இரண்டு குறைவு. வட கடலோரம் ஒரு தீவில் சுற்றுலா நடத்துகிறாளாம். படகில் போய் கடல்நாய் பார்ப்பது, கடல் உள்வாங்கும்போது சேற்றில் நடப்பது, அப்படி. விடுமுறைக்கு வந்தவள் என்றாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பேசுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

கெர்ரிக்காரர்களுக்கு லீட்ரிம் என்றால் இளக்காரம். கால்பந்தில் அவர்கள் வாங்கிய கோப்பைகளை வைக்க அலமாரி பத்தாது. நாங்கள் நூறு வருடத்தில் மாகாணக் கோப்பையை இரண்டு தடவை வாங்கியிருக்கிறோம். லீட்ரிம் கிராமத்தில் பழைய கோட்டைச் சுவரின் முன்னால் வேனை நிறுத்தி, ஆயிரத்து அறுநூற்று மூன்றாம் வருடத்துக் கதையைச் சொன்னேன். கடும் பனியில், தெற்குக் கோடியிலிருந்து ஓ'சல்லிவன் என்ற குலத்தலைவர் ஆங்கிலப் படைக்குத் தப்பி, தன் சனங்கள் ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் சண்டை, பசி. இந்தச் சுவருக்கு வந்து சேர்ந்தது முப்பத்தைந்து பேர்.

"எங்க ஊருக்குப் பக்கத்துலேர்ந்து கிளம்பினவங்கதான்," என்றார் மோஸி. "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து, லீட்ரிமைப் பாத்ததும் என்ன நெனச்சிருப்பாங்க பாவம்!"

"கெர்ரிப் பக்கத்தை விட்டு வந்துட்டோம்னு முழங்கால் போட்டு செபம் சொன்னாங்க," என்றேன்.

மார்க்ரீட் வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்க நல்லா பேசுறீங்க. ரொம்ப நல்லா," என்றாள். எனக்குக் காது சூடானது. எங்கள் ஊரில் ஒருவரை முகத்துக்கு நேரே இப்படிப் புகழ்வது வழக்கமில்லை.

மத்தியானம் மேனர்ஹாமில்டனில் ஒரு சின்னக் கடையில் சூப்பும் பழுப்பு ரொட்டியும். மோஸி வெண்ணெயை ரொட்டியைவிடக் கனமாகத் தடவிக்கொண்டிருந்தபோது மார்க்ரீட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நூலா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்களுக்கு இங்கிலீஷ்ல பேசுற வழிகாட்டி ஒருத்தர் வேணும். செப்டம்பர்லேர்ந்து, வருஷம் பூரா. ஆபீஸ் மாடியில ஒரு அறை இருக்கு, ஜன்னலைத் திறந்தா கடல். நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்று எனக்குள்ளே ஒருத்தி கத்தினாள். வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க! நான் எங்க, அதெல்லாம் எங்க!"

"சரி," என்றாள் மார்க்ரீட். சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் காத்திருந்தேன். எங்கள் மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டுக்கு ஆள் வந்தால் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்போம். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். ஒரு வாய் குடியுங்களேன் என்போம். ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். தண்ணீர் கொதித்துவிட்டது, இனிமேல் கொட்டவா முடியும் என்போம். அப்படியானால் அரைக் கோப்பை என்று உட்கார்ந்து, மூன்று கோப்பை குடித்து, கேக்கையும் தீர்த்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை கேட்டதுமே சரி என்பவனை நாங்கள் பட்டினியில் வளர்ந்தவன் என்போம். முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது மரியாதைக்கு மரியாதை, மூன்றாவதுதான் பதில். டீக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் இதுதான். கல்யாணமே இப்படித்தான் நிச்சயமாகிறது.

ஆகவே மார்க்ரீட் இரண்டாம் தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கடைக்காரியிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். கையில் போனோடு எழுந்து போனாள்.

மோஸி என்னைப் பார்த்தார். "என்னம்மா, போக ஆசையா?"

"சும்மா இருங்க. எனக்கென்ன ஆசை?"

"அதான் கேட்டேன். ரொட்டியை ஏன் இப்படிப் பிச்சுப் போட்டிருக்கீங்க?"

தட்டைப் பார்த்தேன். கோழிக்குப் போடுகிற மாதிரி பொடிப் பொடியாகக் கிடந்தது.

மத்தியானத்துக்கு மேல் நான் சொன்னதெல்லாம் சுற்றுலாப் பேச்சே இல்லை, மன்றாட்டு. க்ளென்கார் பக்கம் ஒரு அருவி உண்டு. தெற்குக் காற்று அடித்தால் விழுகிற தண்ணீரைக் காற்று பிடித்து மலை உச்சிக்கே திருப்பித் தள்ளிவிடும். அன்றைக்குச் சரியான காற்று. வெள்ளைப் புகையாக மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன். "இந்தத் தண்ணிக்குக்கூடக் கீழ இறங்கி எங்கயாவது போயிடணும்னுதான் ஆசை. காத்து விடமாட்டேங்குது. யாராவது கொஞ்சம் கை கொடுத்தா போயிடும்."

"காத்தோட வேகம் எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டாள் மார்க்ரீட். தெரியாது என்றேன்.

அந்த நாலு கிலோமீட்டர் கடற்கரையில் இறங்கி நின்றோம். மழை சாய்வாக அடித்தது. நான் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன், பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும்படி. "கடல் பக்கத்துல வீடு இருந்தா எப்படி இருக்கும்! எனக்கெல்லாம் அதுக்குக் கொடுப்பினை இல்லை," என்றேன். எங்கள் ஊர்க்காரியாக இருந்தால் அந்த இடத்திலேயே என் கையைப் பிடித்து, கொடுப்பினையாவது ஒன்றாவது, கிளம்பு என்று சொல்லியிருப்பாள்.

"உங்களுக்கு மலை இருக்கே," என்றாள் மார்க்ரீட். "எங்ககிட்ட மலையே கிடையாது."

அவள் பொல்லாதவள் இல்லை. கல்நெஞ்சக்காரியும் இல்லை. கேட்டாள், பதில் வாங்கிக்கொண்டாள், அந்தப் பதிலை மதித்தாள். அதுதான் என்னைக் கொன்றது. தெற்கே திரும்பி வருகிற ஒன்றரை மணி நேரமும், ஏரியையும் அதை ஒட்டிய இரும்பு மலையையும் பாராமல், கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வாயைத் திறந்து நானே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பத்து தடவை திறந்தேன். ஒரு தடவை, "மார்க்ரீட், மத்தியானம் நீங்க கேட்டீங்களே..." என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அவள் நிமிர்ந்தாள். "...அந்த சூப்பு, அதுல கேரட்தான் போடுவாங்க," என்று முடித்தேன். பின்னால் மோஸி ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

காரிக்கில் ரயிலுக்கு முன்னால் கடைசியாக ஒரு இடம் காட்டுவேன். பாலத் தெருவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சொருகிவைத்த மாதிரி ஒரு குட்டிச் சிற்றாலயம்; உலகத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று என்பார்கள். ஒரு வியாபாரி, செத்துப்போன மனைவிக்காகக் கட்டியது. உள்ளே தரையில் இரண்டு பள்ளம், மேலே தடித்த கண்ணாடி. ஒரு பக்கம் அவள் சவப்பெட்டி, மறுபக்கம் பிற்பாடு அவருடையது. நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. எத்தனையோ தடவை அங்கே நின்று பேசியிருக்கிறேன். அன்றைக்கு உள்ளே போக மனம் வரவில்லை. நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். அது பேச்சு ஒளிகிற அளவுக்குப் பெரிய இடமில்லை.

"அந்தம்மாவை இன்னொரு தடவை கேளுங்க," என்று மோஸி சொல்வது கேட்டது.

"எதுக்கு? அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அது வேண்டாம் இல்லைங்க. சும்மா சொல்றது."

"என் வயசுப் பெண் யோசிச்சு ஒரு பதில் சொன்னா, நீ சொன்னது பொய்னு நான் திருப்பிக் கேக்கணுமா? அது அவங்களை அவமானப்படுத்துறது."

"எங்க ஊர்ல கேக்காம விடுறதுதான் அவமானம்."

"அப்படின்னா உங்க ஊர்ல எது உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறீங்க?"

"சில சமயம் தெரிஞ்சுக்கிறதில்லை," என்றார் மோஸி.

ரயிலடியில் மழை விட்டிருந்தது. மோஸி என் கையைப் பிடித்து, வேண்டுமென்றே அழுத்திக் குலுக்கிவிட்டு, முதலில் ஏறிக்கொண்டார். மார்க்ரீட் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்கி வந்தாள். என் எதிரில் நின்று நேராகக் கண்ணைப் பார்த்தாள்.

"நூலா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

இதற்கு மேல் என்ன வேண்டும் ஒருத்திக்கு? இரண்டாம் தடவை வந்தேவிட்டது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஐயோ, ஒண்ணுமே இல்லைங்க," என்றேன். "பத்திரமா போயிட்டு வாங்க."

நானா சொன்னேன்? தும்மல் வருகிற மாதிரி அது தானாக வந்தது. என் நாக்கைப் பிடுங்கித் தண்டவாளத்தில் போடலாம் போல இருந்தது.

"நல்லது," என்றாள். முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. "கொஞ்சம் கவலையா இருந்துச்சு. நீங்க வேண்டாம்னதும் மத்தியானமே ஆன்ட்வெர்ப்ல ஒருத்தருக்குப் போன் பண்ணிட்டேன். அவரு உடனே சரின்னுட்டாரு."

அப்படியானால் அருவி முன்னால் நான் கெஞ்சியது, கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது, எல்லாம் முடிந்துபோன காரியத்துக்கு. கையை ஆட்டினேன். ஜன்னலில் மோஸி உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். ரயில் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ரயிலடி ஆள், "அவங்க போயிட்டாங்க நூலா," என்றான்.

வீட்டுக்கு வந்தபோது வெயிலே வந்துவிட்டது. உப்பிட்ட பன்றியிறைச்சியையும் முட்டைக்கோசையும் வேகவைத்து ஃபீலிம் முன்னால் வைத்தேன். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

"இன்னிக்கு ஆளுங்க எப்படி?" என்று கேட்டான். தினமும் கேட்பான். பரவாயில்லை என்பேன். அதோடு பேச்சு முடியும்.

அன்றைக்கு அழுதேன். பத்தொன்பது வருடத்தில் அவன் முன்னால் அழுததில்லை. அவன் முட்கரண்டி பாதியில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். ஹாலந்துக்காரி கேட்டது, நான் மறுத்தது, அவள் அதை நம்பிவிட்டது. "எனக்குப் போகணும்னு இருந்துச்சு ஃபீலிம். அவ்வளவு ஆசையா இருந்துச்சு. வர்றியான்னு ஒரு தடவைதான் கேட்டா, பாவி. இன்னொரு தடவை கேட்டிருந்தா..."

"மூணு தடவை கேட்டிருந்தாலும் நீ வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கேட்டேனே."

அவன் குரலில் கோபம் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு, நீ பாஸ்டனுக்குப் போ, நான் சமாளிச்சுக்கிறேன்னு சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு மறுபடி சொன்னேன். ஈஸ்டருக்கு உன் பெட்டியையே தூக்கி வாசல்ல வெச்சு, காரையும் வெளியில எடுத்து நிறுத்துனேன். நீ என்ன பண்ணுன? பெட்டி நனையுதேன்னு உள்ள எடுத்துட்டுப் போயிட்ட."

"அது நீ மரியாதைக்குச் சொன்னது!"

"மூணாவது தடவை எவனாவது மரியாதைக்குச் சொல்லுவானா?"

வேறு யாராக இருந்தாலும் மூன்றாவதை நம்பியிருப்பேன். ஆனால் இவன் அண்ணன். என் பாரம் உனக்கு வேண்டாம் என்று நூறு தடவை சொல்வான், அத்தனைக்கும் போகாதே என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். சாய்ந்து நடக்கிறவனை விட்டுவிட்டுப் போனாள் என்று ஆகக்கூடாதே என்று நினைத்தேன்.

"நோரீனை ஞாபகம் இருக்கா?" என்றான்.

ஞாபகம் இல்லாமலா? பாலினமோரில் மருந்துக்கடையில் இருந்தவள். என் அண்ணனோடு நாலு வருடம் பழகிவிட்டு, அவன் இடுப்பு முறிந்த பிறகு பக்கத்துக் கேவன் மாவட்டத்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். இன்றுவரை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு தடவை சாவு வீட்டில் அவள் நீட்டிய கையைக்கூடத் தொடவில்லை.

"அவ என் இடுப்பு முறிஞ்சதுக்காகப் போகலை," என்றான் ஃபீலிம். "ஒரு அடுப்படியில ரெண்டு பொம்பளைங்க சரிப்பட்டு வராது, உன் தங்கச்சி கிளம்புனதும் சொல்லு, வரேன்னா. ரெண்டு வருஷம் காத்திருந்தா. நீ போகலை. உனக்கு இந்த வீட்டை விட மனசில்லைன்னு நெனச்சேன். பாஸ்டன்ல என்ன கஷ்டம் பட்டியோ, யார் என்ன செஞ்சாங்களோ, பாவம், இங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்னு அவகிட்ட முடியாதுன்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன்னை வெளிய போன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா? அதான் வேனை வாங்கிக் குடுத்தேன். பகல்லயாவது வெளிய போவியேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து வந்தது. இவனுக்காக நான் பத்தொன்பது வருடத்தைக் கொடுத்தேன் என்று ஒரு நாள் தவறாமல் நினைத்திருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது நினைப்பேன், அவன் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நினைப்பேன். அதில் ஒரு கசப்பான சுகம்கூட இருந்தது. அந்தப் பத்தொன்பது வருடமும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவன் அதையே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். யாரும் பூட்டாத வீட்டுக்குள் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

"நோரீனுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"மூணு," என்றான். உடனே சொன்னான், யோசிக்காமல்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஃபீலிம் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்ணுக்குக் கீழே அப்பாவுக்கு இருந்த மாதிரியே பை விழுந்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"இப்போ கேக்குறேன் நூலா. சுத்தி வளைக்கலை, மரியாதைக்கும் கேக்கலை. ஒரே தடவைதான் கேப்பேன், என்னால இனி முடியாது. இந்த வீட்டை விட்டுப் போறியா?"

ஐயோ, அதெல்லாம் எதுக்கு என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டேன். போவதற்கு இடமில்லை, ஹாலந்து வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது, பாஸ்டனில் என்னைத் தெரிந்தவர்களே இருக்கமாட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது? அதையெல்லாம் அவனிடம் சொன்னால் உடனே இரு என்றுவிடுவான். சொல்லவில்லை. கையை எடுத்தேன்.

"போறேன்," என்றேன்.

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். போகாதே என்று ஒரு சொல், ஒரே ஒரு தடவை, பேச்சுக்காவது சொல்வான் என்று, கடவுள் சத்தியமாக, நான் அப்போதும் காத்திருந்தேன்.

"அப்பாடா," என்றான்.